தொட்டிலருகே நிற்கும் பிள்ளை



ஓர் இல்லத்தில் குழந்தை பிறக்கவிருக்கிறது என்றால், அனைவருடைய எண்ணமும் தாயின்மீதும் அவள் வயிற்றில் வளரும் சிசுவின்மீதுமே நிற்கிறது. அது முறையானதே. ஆயினும் அவ்வில்லத்தில் மூன்று, நான்கு வயதில் ஒரு பிள்ளை முன்னரே இருக்குமாயின், அம்மாதங்களில் அதன் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. நேற்றுவரை தாயின் மடி அதனுடையது. தகப்பனின் தோள் அதனுடையது. இன்றோ யாரோ ஒருவர் வரப்போகிறார் என்று வீடே பேசுகிறது. வரப்போகிறவருக்கு இடம் எங்கே? தன் இடத்திலா? இக்கேள்வியைக் கேட்கச் சொற்கள் இல்லாத வயது அது. இம்மாதம் அந்த மூத்த பிள்ளைக்காகவே உங்களோடு பேச விரும்புகிறேன்.

கேள்வியும் கேலியும்

கர்ப்பிணியைக் காண வரும் உறவினர், வாசலில் விளையாடும் மூத்த பிள்ளையை அருகே அழைத்து இரண்டு காரியங்களைச் செய்வர். முதலாவது, ஒரு கேள்வி: “ஏங்கண்ணு, அம்மா வயித்துல இருக்கறது தம்பிப் பாப்பாவா, தங்கச்சிப் பாப்பாவா?” சிறு பிள்ளையின் வாக்குப் பலிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. “தம்பி” என்று சொன்னால் பிள்ளையின் வாய்க்குச் சர்க்கரை கிடைக்கும். “தங்கச்சி” என்று சொன்னாலோ, “நல்லா யோசிச்சுச் சொல்லு சாமி” என்று மறுபடியும் கேட்பர். இரண்டாவது, ஒரு கேலி: “பாப்பா வந்துட்டா உனக்கு அம்மா மடி கெடையாது; நீ எங்கூட எங்க ஊருக்கு வந்துரு.”

கேலி செய்பவரும் சிரிக்கிறார்; பெற்றவளும் சிரிக்கிறாள். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்குக் கேலி எது, மெய் எது என்று பிரித்தறியத் தெரியாது. பெரியவர்கள் சொன்னால் நடக்கும் என்றே அது நம்பும். அன்றிரவு தாயின் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு அது உறங்குமாயின், அதன் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை.

கேள்வியோ அதனினும் கொடிது. கேட்கப்படும் பிள்ளை பெண்ணாயிருந்தால், தன்னைப் போன்ற இன்னொருத்தி வருவது இவர்களுக்கு இனிக்கவில்லை என்பதை அவள் அக்கணமே கற்றுக்கொள்கிறாள். இது ஒரு சிறுமியின் மனத்தாங்கலோடு நின்றுவிடுவதுமன்று. கொங்கு நாட்டின் சேலத்தில், பெற்றோர் வேண்டாமென்று விடும் பெண் மகவுகளை ஏற்றுக்கொள்வதற்காக 1992-ஆம் ஆண்டில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதைத் தடுக்க 1994-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே தமிழ்நாட்டில் இருந்தனர். இக்கணக்கின் வேர் நம் வாசல் திண்ணையில் சிரித்துக்கொண்டே கேட்கப்படும் கேள்வியிலும் உண்டு. ஆகவே கிறிஸ்தவ இல்லங்களில் அக்கேள்வி நின்றுவிட வேண்டும். விருந்தினர் கேட்பாராயின், “எந்தப் பாப்பா வந்தாலும் எங்களுக்குச் சந்தோஷந்தானுங்க, எங்க மூத்ததும் சந்தோஷமா வந்ததுதானுங்க” என்று தகப்பனே விடை கூறட்டும், மூத்த பிள்ளையின் காதில் விழும்படி கூறட்டும்.

உண்மையைச் சொல்லுங்கள்

குழந்தை வரப்போகும் செய்தியை மூத்த பிள்ளை அண்டை வீட்டார் வாயிலாக அறியலாகாது. பெற்றோர் இருவரும் அருகிருத்தி, எளிய சொற்களில் தாமே சொல்ல வேண்டும். தாயின் வயிற்றில் கை வைத்து அசைவை அது உணரட்டும். அதனுடைய கைக்குழந்தைக் காலத்துப் படத்தைக் காட்டி, “நீயும் இப்படித்தான் இருந்தாய், உன்னையும் இப்படித்தான் சுமந்தேன்” என்று தாய் கூறட்டும். “உன்னோடு விளையாட ஒரு தோழன் வருகிறான்” என்று மட்டும் வாக்களிக்க வேண்டாம். பிறந்த குழந்தை உறங்கும், அழும், பால் குடிக்கும். பந்து விளையாட வராது. ஏமாற்றப்பட்டதாகவே மூத்தது எண்ணும்.

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பிறந்த வீட்டார் பலவகைச் சோறு சமைத்துக் கொண்டுவந்து, கட்டுச்சோற்று விருந்து நடத்தி, மகளைப் பேறுகாலத்திற்கு அழைத்துச் செல்வது நம் பகுதியின் அழகிய மரபு. மூத்த பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்ல முடிந்தால் நன்று. பள்ளியின் பொருட்டு அதைத் தகப்பன் வீட்டில் விட்டுச் செல்ல நேருமாயின், ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: ஒளிந்து புறப்படாதீர்கள். பிள்ளை உறங்கும் நேரம் பார்த்து வண்டியேறுவதும், “கடைக்குப் போய் மிட்டாய் வாங்கி வருகிறேன்” என்று பொய்யுரைத்து மறைவதும் பல வீடுகளில் நடைபெறுகின்றன. அழுகைக்கு அஞ்சியே அவ்வாறு செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு நாள் அழுகையைத் தவிர்ப்பதால், தாய் சமையலறைக்குச் சென்றாலும் பின்தொடர்ந்து ஓடும் அச்சத்தைப் பல மாதங்களுக்குப் பிள்ளையின் நெஞ்சில் விதைத்துவிடுகிறார்கள். போகும் இடத்தையும், போகும் காரணத்தையும் சொல்லி, முத்தமிட்டு விடைபெறுங்கள். நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளைக் குறித்துக் கொடுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி முடிந்ததும் தகப்பன் பிள்ளையை அப்புச்சி வீட்டுக்கு அழைத்துச் சென்று தாயைக் காட்டட்டும். இரவு செபத்தை அலைபேசி வழியாகத் தாயும் பிள்ளையும் சேர்ந்து சொல்லலாம். அழுகையை அடக்கப் பிள்ளையின் கையில் திணிப்பதைவிட அக்கருவிக்கு அதுவே மேலான பயனன்றோ?

தகப்பனின் தோள்

தாயின் மடி சிறிது காலம் சுருங்கத்தான் செய்யும். அப்போது தகப்பனின் தோள் அகல வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டுதல், சோறூட்டுதல், கதை சொல்லி உறங்க வைத்தல் ஆகியவற்றைக் குழந்தை பிறப்பதற்கு மூன்று மாதங்கள் முன்னரே தகப்பன் கையேற்கட்டும். பிறந்த அன்று திடீரெனக் கைமாற்றினால், தன்னைத் தாயிடமிருந்து துரத்திவிட்டதாகவே பிள்ளை நினைக்கும். ஆலையில் இரவு ஷிப்டும், பனியன் கம்பெனியில் ஓவர்டைமும் பார்க்கும் தகப்பன்மார்க்கு இது எளிதன்று என்பதை அறிவேன். நாளொன்றுக்கு அரைமணி நேரமாயினும் அது அப்பிள்ளைக்கே உரிய நேரமாக இருக்கட்டும். தச்சுத் தொழிலாளியாகிய சூசையப்பரும் உழைத்துக் களைத்தவரே. ஆயினும் குழந்தைக்கு ஆபத்து என்று அறிந்த இரவிலேயே எழுந்து, குழந்தையையும் தாயையும் எகிப்துக்கு அழைத்துச் சென்றார். திருத்தந்தை பிரான்சிஸ் 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் புனித சூசையப்பரைக் குறித்துத் திருமடல் எழுதியபோது, தந்தையின் உள்ளத்தையே அதற்குத் தலைப்பாக்கினார்.

தாய்க்கு ஓய்வு கிடைத்தால்தான் மூத்த பிள்ளைக்கு மடி கிடைக்கும். ஆகவே உரிமையாய் வருவதை விட்டுவிடாதீர்கள். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் தமிழகத்திலேயே முதன்முதலாக 1955-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் நம் கோயம்புத்தூரில்தான் தொடங்கியது. இன்று அத்திட்டத்தில் பதிவு பெற்று, உரிய நாட்கள் சந்தா செலுத்திய தாய்க்கு முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரங்களும், இரு பிள்ளைகள் இருக்கும்போது அடுத்த பேறுக்கு 12 வாரங்களும் மகப்பேற்றுப் பயன் உண்டு. வறிய குடும்பத்துத் தாய்மார்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் வழியாக, முதல் இரண்டு பேறுகளுக்குப் பணமும் சத்துணவுப் பெட்டகங்களுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கருவுற்ற தொடக்கத்திலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

அயலாருக்கும் இதில் பங்குண்டு. திருப்பூரிலும் அவிநாசியிலும் வாடகை வீடுகளில் வாழும் பல குடும்பங்களுக்குத் தாய் வீடு எங்கோ தென் மாவட்டங்களில் இருக்கிறது. முதிர்ந்த வயதில் கருவுற்ற எலிசபெத்து ஆறாம் மாதத்தில் இருக்கிறாள் என்று அறிந்த மரியன்னை மலைநாட்டுக்கு விரைந்து சென்றாள். ஏறத்தாழ மூன்று மாதங்கள் அவளோடு தங்கியிருந்தாள் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. மரியாயின் சேனையினரும் அன்பியத்துச் சகோதரிகளும் அத்தகைய வீடொன்றுக்குச் சென்று, மூத்த பிள்ளையை மாலையில் இரண்டு மணி நேரம் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வாராயின், அன்னையின் அந்தச் சந்திப்பை நம் தெருவிலேயே காணலாம்.

குழந்தை பிறந்த பின்னர்

பிறந்த குழந்தையைக் காண வருவோர் சட்டையும் சோப்பும் வாங்கிக்கொண்டு நேரே தொட்டிலுக்குச் செல்கின்றனர். கதவோரம் நிற்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. அடுத்த முறை ஒரு பொட்டலம் கடலை மிட்டாயை முதலில் அப்பிள்ளையின் கையில் கொடுங்கள். “உங்க பாப்பாவ எனக்குக் காட்டுவியா கண்ணு?” என்று கேளுங்கள். அது உங்கள் கையைப் பிடித்துத் தொட்டிலிடம் அழைத்துச் செல்லும். அக்கணத்திலிருந்து அது வாயிலில் நிற்கும் அந்நியனன்று. வீட்டைக் காட்டும் உரிமையாளன்.

ஒருமுறை இல்லச் சந்திப்பின்போது நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் என் அங்கியைப் பிடித்து இழுத்து, “சாமி, பாப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டு நீங்களே கோயில்ல வெச்சுக்குவீங்களா?” என்று கேட்டான். பெற்றோர் வெட்கமுற்று அவனை அதட்டினர். அதட்ட வேண்டுவதில்லை. தன் துன்பத்துக்குத் தீர்வு தேடி, தகுந்த அதிகாரி என்று தான் நினைத்தவரிடம் அவன் மனு கொடுத்தான், அவ்வளவே. இத்தகைய பிள்ளை படுக்கையை நனைக்கும், விட்டுவிட்ட பால் புட்டியை மறுபடியும் கேட்கும், மழலை பேசும், சில வேளை கைக்குழந்தையைக் கிள்ளவும் செய்யும். கிள்ளும் கையைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால், “நீ பெரியவனாகிவிட்டாய், வெட்கமில்லையா?” என்னும் சொல் வேண்டாம். இன்னொரு குழந்தை பிறந்ததனால் நான்கு வயது பத்து வயதாகிவிடுவதில்லை. கெட்ட குமாரனின் உவமையில், வெளியே நின்று உள்ளே வர மறுத்த மூத்த மகனைத் தந்தை அதட்டவில்லை. தாமே வெளியே வந்து அவனை வேண்டினார். தம்முடையதெல்லாம் அவனுடையதே என்று உறுதி கூறினார். அவனுக்குரிய இடம் குறையவில்லை என்பதை அவன் தந்தையின் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது.

மூத்தது எட்டு, ஒன்பது வயதுப் பெண்ணாயிருந்தால் வேறொரு தீங்கு நேர்வதுண்டு. தொட்டிலாட்டுவது அவள் வேலையாகிவிடும். பிறகு பள்ளிக்கு ஒரு நாள் நின்று, ஒரு வாரம் நின்று, படிப்பே நின்றுவிடும். நம் மக்கள் மிகவும் நேசிக்கும் குழந்தை தெரேசாவின் இல்லத்தைப் பாருங்கள். லூயி மார்ட்டின், செலி தம்பதியர்க்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். 1873-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் கடைசியாகத் தெரேசா பிறந்தபோது, ஞானத் தாயாக நின்றவள் பதின்மூன்று வயது நிறையாத மூத்த அக்காள் மரியே. பெற்றோர் அவளுக்கு மதிப்புக்குரிய இடத்தைக் கொடுத்தனர். ஆனால் மூத்த பெண்களின் கல்வியை நிறுத்தவில்லை. அவர்களைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் தங்கிப் படிக்க வைத்தனர். 1877-இல் தாய் இறந்தபோது, நான்கு வயதுத் தெரேசா தன் அக்காள் பவுலினையே தாயாக ஏற்றுக்கொண்டாள். அப்பெற்றோர் இருவரையும் திருச்சபை 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. ஞானப் பெற்றோராயிருக்கப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது இன்றைய பொது விதி. ஆயினும் திருமுழுக்கன்று வெண்ணிற ஆடையை ஏந்தி வர மூத்த பிள்ளைக்கு எந்த வயதும் தடையன்று. பேறுகாலத்திற்கு முன் தாய்க்குரிய ஆசீரையும் திருச்சபை வைத்திருக்கிறது. உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். வரும்போது மூத்த பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

விடுதலைப் பயண நூலில், நாணல் கூடையில் மிதந்த மோசேயை எட்ட நின்று காத்தவள் அவனுடைய அக்காள். இளவரசி குழந்தையைக் கண்டெடுத்தவுடன் துணிந்து முன்வந்து, பெற்ற தாயையே பாலூட்ட அழைத்து வந்தவளும் அவளே. அச்சிறுமிக்கு அவ்வீட்டில் ஓர் இடம் இருந்தது. அதனாலேயே தம்பியின் உயிரைத் தன் பொறுப்பாக எண்ணினாள். உங்கள் வீட்டுத் தொட்டிலருகே நிற்கும் பிள்ளையை இன்று மாலை மடியில் அமர்த்தி, அது பிறந்த நாளின் கதையை அதற்குச் சொல்லுங்கள். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக.