ஸ்நாப்ஷாட் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்!

"விர்ச்சுவல் மெஷினில் எது கெட்டாலும் கவலை இல்லை. ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினால் சிஸ்டம் பழையபடி ஆகிவிடும்" என்று பலரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். இது பாதி உண்மைதான். மீதிப் பாதியை நான் பட்டுத் தெரிந்து கொண்டேன்.

தஞ்சாவூரில் சிறிய டி.டி.பி. சென்டர் நடத்துகிறேன். திருமணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர் என என்னிடம் உள்ள பழைய பைல்கள் எல்லாம் பேஜ்மேக்கரில் செய்தவை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001ல். அன்று எழுத்துரு நிறுவனம் ஒவ்வொன்றும் ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. தமிழக அரசு 2010ல் யூனிகோடுக்கு மாறியது. பழைய பைல்கள் மாறவில்லையே! அதனால் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், பழைய எழுத்துருக்கள் எல்லாம் பதிந்து, எல்லாம் சரியாக இயங்கிய நாளில் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்தேன்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8 அன்றே சப்போர்ட்டை நிறுத்திவிட்டது. வாடிக்கையாளர் தரும் பென் டிரைவில் வைரஸ் இருந்தால் ஒரே ஒரு ரீஸ்டோர், வேலை முடிந்தது. அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

திருவையாறு பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பழைய கோயில் மலரைத் திருத்தி மீண்டும் அச்சிட வந்தார். வயது எண்பதுக்கு மேல். ஊரின் வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் அந்தக் காலத்தில் வழங்கிய பெயர்களை அவர் சொல்லச் சொல்ல, மூன்று நாள் டைப் செய்தேன். நான்காம் நாள் யாரோ தந்த பென் டிரைவால் எக்ஸ்பி திணறியது. யோசிக்காமல் ரீஸ்டோர் கொடுத்தேன். சிஸ்டம் சுத்தமானது. மூன்று நாள் வேலையும் சுத்தமாகப் போனது. ஐயா கோபித்துக் கொள்ளாமல் மறுபடி உட்கார்ந்து சொன்னார். ஆனால் எல்லாப் பெயரும் இரண்டாம் முறை அவர் நினைவுக்கு வரவில்லை.

தவறு சாப்ட்வேருடையது அல்ல. ஸ்நாப்ஷாட் எடுத்தவுடன் பழைய டிஸ்க் பைல் அப்படியே நிறுத்தப்படுகிறது. அதன் பின் நடக்கும் மாற்றங்கள் எல்லாம் வேறொரு பைலில் எழுதப்படுகின்றன. ரீஸ்டோர் செய்தால் அந்த இரண்டாவது பைல் தூக்கி எறியப்படும். அதில் இருப்பது வைரஸா, உங்கள் உழைப்பா என்று அது பார்ப்பதில்லை.

இன்னொன்று. இந்த இரண்டு பைல்களும் பெரும்பாலும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். டிஸ்க் போனால் இரண்டும் போகும். 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டோம். விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் ஒரே குதிரில் போட்டு வைத்தால், கூரை பறக்கும் நாளில் எதை எடுத்து விதைப்பது? ஸ்நாப்ஷாட்டை பேக்கப் என்று நம்புவதும் அப்படித்தான்.

எனவே என் யோசனை இதுதான். விர்ச்சுவல் மெஷினில் சாப்ட்வேர் மட்டும் இருக்கட்டும். உங்கள் பைல்களை ஷேர்டு போல்டர் மூலம் வெளியே, உண்மையான கம்ப்யூட்டரில் சேமியுங்கள். ரீஸ்டோர் அவற்றைத் தொடாது. சந்தேகமான பென் டிரைவைச் சோதிக்கத் தனியாக இன்னொரு விர்ச்சுவல் மெஷின் வைத்து, அதில் ஷேர்டு போல்டரையும் நெட்வொர்க்கையும் நிறுத்திவிடுங்கள். ரீஸ்டோர் செய்யும் முன், இப்போதைய நிலையையும் ஒரு ஸ்நாப்ஷாட்டாக எடுக்கவா என்று விர்ச்சுவல்பாக்ஸ் கேட்கும். அந்த டிக்கை அவசரத்தில் எடுத்துவிடாதீர்கள். மெஷினை ஷட்டவுன் செய்து, அதன் போல்டர் முழுவதையும் மாதம் ஒரு முறையாவது வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வையுங்கள்.

சிஸ்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஒரு பெரியவரின் நினைவை அப்படிக் கொண்டுவர முடியாது.