முழு இன்சூரன்ஸ் போட்டால் முழு நிம்மதியா?

வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு நம்மவர்கள் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டுடு, அப்புறம் எதைப் பத்தியும் கவலைப்படாதே." இன்சூரன்ஸ் போட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அறிவுரையின் இரண்டாவது பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

எல்லாச் சேதத்துக்கும் பணம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். ஊரில் பம்பர் டு பம்பர் பாலிசி எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த நினைப்பு இன்னும் அதிகம். ஐரோப்பாவில் வாடகையோடு சேர்ந்து வரும் காப்பில், சேதத்தில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை நாம்தான் கட்ட வேண்டும். கூடுதல் பணம் கொடுத்தால் அந்தத் தொகை குறையும். சில திட்டங்களில் பூஜ்யமே ஆகிவிடும். அப்போதும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தொலைந்த சாவி, மாற்றி ஊற்றிய எரிபொருள் எல்லாம் பல ஒப்பந்தங்களில் கணக்கில் வராது.

ஐஸ்லாந்தைப் பாருங்கள். நாட்டைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதில் கார் ஓட்டுவதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். சரளைக்கல் தெறிப்பதற்கு அங்கே தனிக் காப்பு, மணலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் தனிக் காப்பு. தென்கரையின் கறுப்பு மணல்வெளிகளில் காற்று கிளம்பினால் பெயின்ட் உரிந்துபோகும். அதைவிட மோசம், கதவு. காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது அஜாக்கிரதையாகத் திறந்தால், கதவைக் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடும். கீல் வளைந்துவிடும், பக்கத்துத் தகடு நசுங்கிவிடும். இந்தச் சேதத்தைப் பெரும்பாலான திட்டங்கள் ஏற்பதில்லை. அதனால் வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்துங்கள். கதவைக் கெட்டியாகப் பிடித்தபடி ஒருவர் இறங்கி முடித்த பிறகு அடுத்தவர் இறங்கட்டும். உள்நாட்டு மேட்டுநிலத்துக்குப் போகும் 'எஃப்' சாலைகளில் பாலமே இல்லாத ஆறுகள் குறுக்கிடும். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால், பொதுவாக எந்தக் காப்பும் கைகொடுக்காது. முழுச் செலவும் உங்கள் தலையில்தான்.

பணம் கட்டியாயிற்று, இனி யார் ஓட்டினால் என்ன என்பார்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத மைத்துனர் பத்து நிமிடம் ஓட்டி இடித்துவிட்டால், நீங்கள் கட்டிய காப்பு அங்கேயே செல்லாக்காசு. உரிமமும் அப்படித்தான். இத்தாலியில் நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டணத்தில் தருகிறார்கள். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். அது இல்லாமலே கவுன்டரில் சாவி கொடுத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம். விபத்து நடந்த பிறகுதான் அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள்.

அபராதத்தையும் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள்கூட இருக்கிறார்கள். எந்த நாட்டிலும் பார்க்காது. ஃப்ளோரன்ஸ், ரோம், பீசா போன்ற இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம். வாசலில் கேமரா இருக்கும். தடுக்க ஆள் இருக்காது. நுழைந்தது தெரியாமலே ஊர் திரும்பிவிடுவீர்கள். மாதங்கள் கழித்து, உங்கள் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தை வாடகை நிறுவனம் கார்டில் எடுக்கும். அபராதம் தனியாக வரும்.

வெளி நிறுவனத்தில் மலிவாகக் காப்பு வாங்கினால் போதும் என்பதில் பாதி உண்மை உண்டு. அது நல்ல வழிதான். ஆனால் வாடகை நிறுவனம் முதலில் உங்கள் கிரெடிட் கார்டிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும். ரசீதுகளையும் படங்களையும் காட்டி அதை மீட்பது உங்கள் வேலை. அதனால் வண்டியை எடுக்கும்போதே சுற்றிவந்து வீடியோ எடுங்கள். இருட்டாக இருந்தால் போன் வெளிச்சத்தில் சக்கர விளிம்பு, முன்கண்ணாடி, பம்பரின் கீழ்ப்புறம், எரிபொருள் முள் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். பழைய கீறல் ஒவ்வொன்றையும் அவர்களுடைய படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்படாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் கவுன்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் காப்பில் எதற்கெல்லாம் பணம் தர மாட்டீர்கள்?" வாயால் சொல்லும் பதிலை ஏற்காதீர்கள். ஒப்பந்தத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படியுங்கள்.