முதலில் அளவு, பிறகு பேரம்

1970களில் இங்கிலாந்துச் சாலைகளில் ஓடிய ராலே ரேஸ் சைக்கிள்கள் பல, இன்றும் அங்கே வீட்டு கராஜ்களில் தூசி படிந்து கிடக்கின்றன. எஃகு ஃபிரேம் என்பதால் பெரும்பாலும் உடம்பு கெட்டிருக்காது. கெட்டுப்போவது டயர், கேபிள், பிரேக் கட்டை, காய்ந்துபோன கிரீஸ் போன்றவைதான். ஆகவே சொற்ப விலைக்கு ஒன்றை வாங்கி, வேண்டிய பாகங்களைப் பண்டமாற்றாகப் பெற்று ஓட்டிவிடலாம் என்று நினைப்பது சரியான யோசனையே. ஆனாலும் பலர் இதில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். சைக்கிள்தானே, எதை எதில் மாட்டினாலும் சேரும் என்று நம்பி, அளவெடுக்கும் முன்பே பேரத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் நாட்டுக்கு நாடு மரைக் கணக்கு வேறு. கிராங்க் அச்சைத் தாங்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்பையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் கப்பின் விட்டம் 1.37 அங்குலம், அதாவது 34.8 மி.மீ.; அங்குலத்துக்கு 24 மரை. பிரெஞ்சுக் கப் 35 மி.மீ.; மரைக்கு மரை 1 மி.மீ. இத்தாலியக் கப் 36 மி.மீ. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 0.2 மி.மீ. கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. கொஞ்ச தூரம் ஏறவும் ஏறும். இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஸ்பானர் போட்டால் போய்விடும் என்று தள்ளினால், போவது ஃபிரேமின் மரை. கப் போனால் வேறு கப் கிடைக்கும். ஃபிரேமில் மரை தேய்ந்தால் மிச்சம் பிடித்த காசு அத்தனையும் அதற்கே போய்விடும்.

திருப்பும் திசையும் மாறும். பிரிட்டிஷ் ஃபிரேமில் செயின் பக்கத்துக் கப்புக்கு எதிர்மரை. மிதிக்கும்போது உள்ளே உருளும் குண்டுகள் கப்பை மெல்லத் திருப்பப் பார்க்கும். எதிர்மரையாக இருந்தால் அந்தத் திருப்பம் அதை இறுக்கத்தான் செய்யும். பிரெஞ்சு ஃபிரேம்கள் பலவற்றிலும் இத்தாலிய ஃபிரேம்களிலும் இரண்டு பக்கமும் நேர்மரை. அதனால் அவற்றில் வலப்பக்கக் கப் தளர்ந்துபோவது வழக்கமான தொல்லை. இது தெரியாமல் பிரிட்டிஷ் ஃபிரேமில் வழக்கம்போல் இடப்பக்கமாகத் திருப்புகிறவர், கழற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் இறுக்குகிறார்.

ராலேக்குள்ளேயே இன்னொரு சிக்கலும் உண்டு. நாட்டிங்காம் ஆலையில் செய்த மலிவு ரகங்கள் பலவற்றில் அங்குலத்துக்கு 26 மரை. அது ராலேக்கே உரிய கணக்கு. எனவே 'ராலே பி.பி. கப் இருக்கிறது, தரட்டுமா?' என்று யாராவது கேட்டால், எந்த ராலே என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.



பண்டமாற்றில் அதிகம் தப்பு நடப்பது வீலில். 27 அங்குலம், 700சி என்ற இரண்டு பெயர்களையும் வைத்துப் பார்த்தால் எது பெரியது என்றே புரியாது. டயர் உட்காரும் விட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்: 27 அங்குல ரிம்மில் 630 மி.மீ., 700சி ரிம்மில் 622 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதில் சேராது. ஆனால் வீலையே மாற்றலாம். ஆரத்தில் 4 மி.மீ.தான் குறைகிறது, பிரேக் கட்டையை அந்த அளவுக்குக் கீழே இறக்க முடிந்தால் போதும். பல பழைய ராலேக்களில் இறங்கும். குரோம் பூசிய எஃகு ரிம் உள்ளவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பேன். மழையில் நனைந்த எஃகு ரிம்மைப் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம் எவ்வளவோ மேல்.

அடுத்து பின் ஃபோர்க்கின் இடைவெளி. ஐந்து பல்சக்கர வீலுக்கு 120 மி.மீ., ஆறு அல்லது ஏழுக்கு 126, எட்டுக்கு 130. எஃகு ஃபிரேமை 120இலிருந்து 126க்கு நிதானமாக விரிக்கலாம். விரித்தபின் பின் ஆக்சில் உட்காரும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, முன்குழலைச் சுற்றி, மறுபக்கத்தில் அதே இடத்துக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழலுக்கும் நூலுக்கும் உள்ள தூரம் இருபுறமும் ஒன்றாக இருந்தால் கோட்டம் இல்லை. அலுமினிய, கார்பன் ஃபிரேம்களில் இந்த வேலையே கூடாது.

வீலை வாங்கும் முன் ஆக்சிலை இரண்டு விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கிரீஸ் மாற்றினால் போதும். மணல் அரைவதுபோல் உறுத்தினால் குண்டுகள் உருளும் கோனில் குழி விழுந்திருக்கலாம். எந்தக் கிரீஸும் அதைச் சரிசெய்யாது.

சரி, மாற்றுக்கு எதைக் கொடுப்பது? நாம் கழற்றி வைக்கும் பழைய பாகங்கள்தான் நம் முதல். இத்தாலியின் டஸ்கனியில் 1997இல் தொடங்கிய லெரோய்கா போன்ற ஓட்டங்களில் பழங்கால ரேஸ் சைக்கிள்களுக்குத்தான் இடம். கியர் லீவர் கீழ்க்குழலில் இருக்க வேண்டும் என்றும் அதில் விதி உண்டு. அந்த ஓட்டங்களில் கலந்துகொள்பவர்களுக்கு அசல் லீவரும் புரூக்ஸ் தோல் சீட்டும் பொக்கிஷம். நமக்கோ ஓட்டுவதற்கு நல்ல அலுமினிய வீல் வேண்டும். தேவை வேறு வேறாக இருப்பதால்தான் காசில்லாமல் பேரம் படிகிறது. பாகங்களைத் தனித்தனியாகத் தேடுவதைவிட, ஃபிரேம் உடைந்த முழு சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரிப்பது பெரும்பாலும் மலிவு. மீந்ததை அடுத்த மாற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டயர், டியூப், கேபிள், பிரேக் கட்டை, குண்டுகள் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். செயினை ஸ்கேலால் அளக்கலாம்: 12 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 1/16 அங்குலம் கூடியிருந்தால் மாற்ற வேண்டும், 1/8 கூடியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். ஹேண்டில்பாரும் அதைப் பிடிக்கும் ஸ்டெம்மும் விழுந்து அடிபட்டவையா என்பது தெரியாவிட்டால், இலவசமாகக் கிடைத்தாலும் நான் மாட்டமாட்டேன். அலுமினியம் வளையாமல் ஒரே நொடியில் முறியக்கூடியது. முறியும்போது நம் முழு எடையும் அதன்மேல்தான் இருக்கும்.