பற்சில்லுப் பெட்டியும் பராமரிப்புப் பயிற்சியும்

மாணாக்கர் தம் கையாலே றோபோக்களை அமைத்துப் போட்டியிடும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. அமெரிக்கரான டீன் கேமன் 1989ஆம் ஆண்டில் நிறுவிய ‘ஃபேர்ஸ்ட்’ என்னும் அமைப்பு, 1992ஆம் ஆண்டில் நியூ ஹம்ஷயர் மாநிலத்துப் பாடசாலையொன்றின் விளையாட்டு மண்டபத்திலே 28 குழுக்களுடன் தன் முதற் போட்டியை நடத்திற்று. இத்தகைய போட்டிகளைப் பற்றிப் பேசுவோர் றோபோவின் மூளையாகிய கணினியையே பெரிதும் புகழ்வர். அதனை நகர்த்தும் பற்சில்லுப் பெட்டியை, அஃதாவது கியர்ப் பெட்டியை, நினைப்பார் சிலரே. தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என்று அன்பர்கள் வினவலாம். மாணாக்கரின் பழக்கம் பற்றிய பொருளாதலின் எமக்கும் இதில் உரிமையுண்டு.

அப்போட்டிகளிலே நெடுங்காலம் வழங்கிய ‘சிம்’ மோட்டார், சுமையில்லாதபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,300 முறை சுழலும். அதனோடு சில்லை நேரே பூட்டினால் பாரமான றோபோ நகர்தல் அரிது. மோட்டாரும் சூடேறிக் கெடும். வேகத்தை 10.71 மடங்கு குறைக்கும் பெட்டியொன்றை இடையில் வைத்தால், சுழற்சி ஏறத்தாழ 495 ஆக இறங்கும். திருப்புவலுவோ, உராய்விற் போவது நீங்கலாக, அதே மடங்கு ஏறும்.

இப்பெட்டி பூட்டியபடியும் கிடைக்கும், பகுதிகளாகவும் கிடைக்கும். மாணாக்கர் பகுதிகளை வாங்கித் தாமே பூட்டுதல் வேண்டும் என்பது எமது துணிபு. ஓரங்களிலுள்ள பிசிறை அரத்தால் நீக்கி, தூள் போகத் துடைத்து, பற்களில் அளவாகக் கிறீஸ் பூசிப் பூட்டியபின், கையாற் சுழற்றிப் பார்க்கவேண்டும். எங்கேனும் பிடித்தால், மோட்டாரின் வலுவால் அதனைத் தீர்க்க முயலலாகாது; கழற்றிக் காரணம் காணவேண்டும். பின்னர்ச் சுமையின்றி ஓடவிட்டு, இடப்புறப் பெட்டியின் ஒலியையும் சூட்டையும் வலப்புறத்ததனோடு ஒப்பிடவேண்டும். ஒன்று இறுகியிருப்பின் றோபோ நேரே செல்லாது ஒருபுறம் இழுக்கும்.

ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடமே. ஆயினும் அச்சிறு பொழுதில் நேரும் மோதலும் அதிர்வும் திருகாணிகளைத் தளர்த்திவிடும். பற்கள் தேயுங்கால் உதிரும் உலோகத்தூள் கிறீஸோடு கலந்து, மேலும் தேய்க்கும் பசையாகும். அதன்மேற் புதுக் கிறீஸை அப்புவது அழுக்கின்மேற் சந்தனம் பூசுவதை ஒக்கும். பழையதை முற்றத் துடைத்தே புதியதை இடவேண்டும்.

“பரீட்சை நெருக்கடியில் இதற்கெல்லாம் நேரமேது? பழுதானாற் புதியது வாங்கலாமே” என்பாருமுளர். போட்டிக் களத்தின் நடுவே பழுதானால் எக்கடைக்கு ஓடுவது? அன்றியும், எழுதியதைத் திரும்பப் படியாத மாணாக்கனும், பூட்டியதைத் திறந்து பாராத மாணாக்கனும் ஒரே குறையுடையரே. அக்குறை பரீட்சையிலும் பின்னர் வாழ்விலும் தொடரும். தேர்த் திருவிழாவுக்கு முன் அச்சையும் சில்லையும் ஆராயாது வடம் பிடிப்பாருண்டோ?

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிக்கு இயந்திரம் வழங்க முன்வருவோர், அதனைக் கழற்றிப் பூட்டுங் கருவிகளையும் உதிரிப் பகுதிகளையும் உடன் வழங்குக. எப்போது திறந்தோம், எது தேய்ந்தது என மாணாக்கர் எழுதும் குறிப்பேட்டையும் ஆண்டுதோறும் கேட்டுப் பார்க்க. றோபோவை ஓட்டியவன் பெறும் கைதட்டலில், கிறீஸ் படிந்த கையுடன் பின்னே நிற்பவனுக்கும் பங்கு கொடுப்போம்.