தாழ்வு மனப்பான்மையாம்!

கல்லூரிக்குப் போன நம்ம பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவில்லை என்றால் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது: 'தாழ்வு மனப்பான்மை'. தன்னம்பிக்கைப் புத்தகம் எழுதுகிறவனும் கவுன்சிலிங் கொடுக்கிறவனும் இதையேதான் சொல்கிறார்கள். 'மனச மாத்திக்கப்பா, எல்லாம் சரியாயிரும்.' நோய் நம்ம மனசுக்குள்ளே இருக்காம். மருந்தையும் நாமே தின்னணுமாம்.

இந்தச் சொல்லைப் பிரபலமாக்கிய வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர் சொன்னது வேறு. தாழ்வு உணர்ச்சி எல்லாக் குழந்தைக்கும் உண்டு, அதை மீறி வளர்வதே மனித இயல்பு, வளர முடியாமல் தேங்கினால்தான் சிக்கல் என்றார் அவர். உயர்வு மனப்பான்மை என்று இன்னொன்றையும் சொன்னார்: உள்ளே கிடக்கும் தாழ்வு உணர்ச்சியை மறைக்கப் போடும் வேஷம் அது. இந்தப் பாதியை நம்ம ஊர்க்காரர்கள் சத்தமில்லாமல் முழுங்கிவிட்டார்கள். தனி டம்ளர் வைத்தவனை எந்தக் கவுன்சிலரிடமாவது கூட்டிப் போனார்களா? சாதிக்காக மகளைக் கொன்றவனுக்கு 'உயர்வு மனப்பான்மை' என்று எவனாவது சீட்டு எழுதினானா?

உத்தரப்பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் செய்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. 6, 7-ஆம் வகுப்புப் பையன்கள். மேல்சாதியில் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியில் 321 பேர். வேலை, தாளில் வரைந்த சிக்கலான பாதைக்கு வழி கண்டுபிடிப்பது. சாதியைச் சொல்லாத குழுக்களில் இரண்டு தரப்பும் சமமாகவே செய்தது. பேர், ஊர், அப்பன் பேர், தாத்தன் பேர், சாதி எல்லாவற்றையும் மற்றவர்கள் முன்னால் வாசித்த குழுக்களில் நம்ம பையன்கள் சரிந்தார்கள். மூளையில் குறையில்லை. வாசித்ததுதான் கெடுத்தது.

இந்தச் சோதனை நம்ம வகுப்பறையில் வருஷா வருஷம் நடக்குது, முடிவை எழுதி வைக்கத்தான் ஆளில்லை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் ஆன்லைனுக்குப் போன பிறகும், சான்றிதழ் கேட்டு வருகிறவர் வாசலில் நின்றுகொண்டு, 'எஸ்சி பசங்கல்லாம் எந்திரிங்க' என்கிறார். எந்திரிச்சு நிக்கிறவன் மேல வகுப்பே கண்ணை வைக்கும். அன்னியிலேர்ந்து அவன் கடைசி பெஞ்சு. அப்புறம் மார்க் குறையும். அப்புறம் வாத்தியார் அந்த வார்த்தையைச் சொல்வார்.

மனநோயே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ராத்திரி தூக்கமில்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு டாக்டர் வேணும், மாத்திரையும் வேணும். ஆனால் ரோகித் வெமுலாவை நினைத்துப் பாருங்கள். ஐதராபாத்தில் உதவித்தொகை மாசக்கணக்கில் நின்றது, விடுதியிலிருந்து வெளியே தள்ளினார்கள். 2016 ஜனவரி 17 அன்று அவர் செத்தார். விசாரித்த ரூபன்வால் கமிஷன், சொந்தக் காரணத்தால் செத்தார் என்று எழுதிக் கொடுத்தது. வெளியே தள்ளியவன் கை, அவர் 'மனசு' என்ற வார்த்தைக்குள்ளே ஒளிந்துகொண்டது.

அதனால் மாணவத் தோழர்களே, 'உனக்குத் தாழ்வு மனப்பான்மை' என்று இனி எந்த வாத்தியார் ஆரம்பித்தாலும் தலையைக் குனியாதீர்கள். 'எங்கள வகுப்புல எந்திரிக்கச் சொன்னது யார் சார்?' என்று அங்கேயே கேளுங்கள்.