மருந்துக்கு அடங்காத கட்டியும் மௌனமாகும் மரபணுவும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்துவிட்டால், பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில், பிறகு சென்னையில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியோ அடையாறு ஆஸ்பத்திரியோ என்று அலைச்சல் தொடங்கிவிடும். நாலைந்து கீமோ ஏறிய பிறகும் கட்டி கரையாவிட்டால் அக்கம்பக்கத்தில் சொல்வது ஒன்றுதான்: “அந்தம்மாவுக்கு மருந்து கேக்கலையாம்.” இப்போது கைப்பேசி வழியே இன்னொரு சேதியும் வந்து சேர்கிறது: “ஜீனை அணைச்சுட்டா கேன்சர் போயிடுமாம், ஊசி வந்திருக்காம்.” இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மருந்து ஏன் கேட்காமல் போகிறது? ஒரே கட்டிக்குள் இருக்கும் புற்றணுக்கள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. மருந்து பலவற்றைக் கொல்லும், தாக்குப்பிடித்தவை பெருகும். அவை தாக்குப்பிடிக்கும் வழிகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று, செல்லின் சவ்வில் பம்ப் மாதிரி வேலை செய்யும் பி-கிளைக்கோபுரதம். 1976இல் ஜூலியானோ, லிங் என்ற இருவர் அதை விவரித்தார்கள். உள்ளே வரும் மருந்தை அது வெளியே இறைத்துவிடும். டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தை எவ்வளவுதான் ரத்தத்தில் ஏற்றினாலும், செல்லைக் கொல்லும் அளவுக்கு உள்ளே தங்காது. ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத கட்டிகள் சிலவற்றில் கதை வேறு: ஈஸ்ட்ரோஜன் ஏற்பியே உருமாறி, ஹார்மோன் வராமலேயே செல்லை வளரத் தூண்டிக்கொண்டிருக்கும்.

மரபணுவை மௌனமாக்குவது என்றதும் அதை வெட்டி எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மரபணுவை யாரும் தொடுவதில்லை. ஏரியில் இறால் பாடு, அதாவது வலை போடும் முறை, இன்று யாருடையது என்பது ஊர்க் கணக்கில் இருக்கிறது. சேதி வலைக்காரருக்குப் போய்ச் சேராவிட்டால், கணக்கு அப்படியே இருக்கும், வலை மட்டும் இறங்காது. மரபணு அந்தக் கணக்கு, ஆர்.என்.ஏ. அந்தச் சேதி. சுமார் 21 எழுத்து நீளமுள்ள ஈரிழை ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றைச் செல்லுக்குள் அனுப்பினால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு புரதக் கூட்டம் அதில் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் சேதியைத் தேடி நறுக்கிவிடும். அந்தச் சேதி சொல்லும் புரதம் உருவாவது குறைந்துபோகும். நாளாக நாளாக விளைவும் தேய்ந்துவிடும். மரபணு மாறாததால் பிள்ளைகளுக்குப் போகுமோ என்ற பயம் வேண்டாம். இந்த இயக்கத்தை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் காட்டினார்கள். 2006இல் நோபல் பரிசு வந்தது.

மார்பகப் புற்றுக்கு இதை நேராகப் பொருத்திப் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். ஆர்.பி.என்.2 என்ற மரபணுவின் புரதம், மேலே சொன்ன பம்பின்மீது சர்க்கரைச் சங்கிலியைப் பூட்ட உதவுகிறது. அது பூட்டப்படாத பம்ப் சவ்வில் சரியாகப் போய் நிற்பதில்லை. டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தின் ஓச்சியா குழுவினர் எலிகளில் ஆர்.பி.என்.2-ஐ மௌனமாக்கியபோது, டோசிடாக்செல்லுக்கு அசையாத கட்டிகள் மறுபடி அசைந்தன. 2008இல் அந்த ஆய்வு வெளியானது. 2015இல் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனையும் தொடங்கியது. மருந்தைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தினார்கள். கவனியுங்கள், கட்டியைக் கொல்லும் வேலை இன்னமும் பழைய கீமோவுடையதுதான். மௌனமாக்கும் ஊசி அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே.

பிறகு ஏன் அது மருத்துவமனைக்கு வரவில்லை? கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சிக்கல். வெறும் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் சிதைந்துபோகும், பொதிந்து அனுப்பினால் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போய்விடும். செல்லுக்குள் நுழைந்தாலும் அதை விழுங்கிய பையிலிருந்து வெளியே வருவது கொஞ்சம்தான். இந்த வகையில் 2018இல் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தான பாடிசிரான், கொழுப்புக்கான இன்க்லிசிரான் எல்லாம் கல்லீரலைக் குறிவைப்பவை என்பது தற்செயல் அல்ல. இந்த வகையில் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. நம் பெண்களின் கட்டிகளில் எந்த மரபணுவை மௌனமாக்குவது என்ற பட்டியலே இப்போதுதான் உருவாகிறது: சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு 480 மார்பகப் புற்றுத் திசு மாதிரிகளை வைத்துத் தொடங்கியிருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. கட்டி மருந்தை எதிர்ப்பதையும், மருந்து சரியாகப் போய்ச் சேராததையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். ஏரியின் முகத்துவாரம் மண்மூடி இறால் வரத்து நின்றுபோன மாதத்தில் பஸ் காசுக்கே வழியில்லாமல் ஒரு கீமோ தள்ளிப்போகிறது. தமாக்சிஃபென் ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம், தினமும் விழுங்க வேண்டிய ஹார்மோன் சிகிச்சை மாத்திரை. உடம்பு நல்லாயிருக்கே என்று சிலர் இரண்டாம் வருஷமே நிறுத்திவிடுவார்கள். நோய் திரும்பினால் பழி மருந்தின்மேல். இங்கே மௌனமாக்க எந்த மரபணுவும் இல்லை. தேவைப்படுவது பயணப்படியும், வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ஆளும். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. தமாக்சிஃபெனை அதே பையில் வைக்கலாம்.

கட்டியின் திசு அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று ஏற்பிகளைச் சொல்லும் மூன்று வரிகள் இருக்கும். அந்தத் தாளைத் தொலைக்காமல் வையுங்கள். அடுத்து எந்த மருந்து என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. யாராவது ஜீன் ஊசி என்று கூப்பிட்டால் மருந்துச் சோதனைகளின் இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம். எண் சொல்லாமல் லட்சத்தில் தொகை சொன்னால், அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு பொன்னேரி ரயிலைப் பிடித்துவிடலாம்.