மேல்மாடியின் கேள்வி

"இது எல்லாருக்குமான படம் இல்லை." மார்செல் கார்னேயின் 'சில்ட்ரன் ஆஃப் பாரடைஸ்' (1945) பற்றிப் பேச்சு எடுத்தால், நம் இலக்கிய நண்பர்களிடமிருந்து முதலில் வரும் வாக்கியம் இதுதான். அதைப் பெருமையாக வேறு சொல்வார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. படத்தின் தலைப்பையாவது இவர்கள் யோசித்துப் பார்த்தார்களா?

அந்தத் தலைப்பில் இருக்கும் சொர்க்கம் வானத்தில் இல்லை. பிரெஞ்சு நாடக அரங்குகளில் கூரையை ஒட்டி இருக்கும், ஆக மலிவான மேல்மாடிக்குத்தான் அந்தப் பெயர். அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்து கூச்சல் போடுகிற கூட்டத்தின் பெயரைத்தான் கார்னேயும் திரைக்கதை எழுதிய ழாக் ப்ரெவேரும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் இந்தப் படத்துக்கு வைத்தார்கள். அதுவும் பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது எடுத்த படம். யூதர்களான கலை இயக்குநர் த்ரோனரும் இசையமைப்பாளர் கொஸ்மாவும் மறைந்திருந்து வேலை செய்தார்கள். இத்தனை ஆபத்தும் தேர்ந்த ரசிகர் நாலு பேருக்காகவா?

படத்துக்குள்ளேயே பாருங்கள். ஃபிரெடெரிக் ஒரு மட்டமான நாடகத்தை மேடையிலேயே கேலிக்கூத்தாக்குகிறான். ஜனங்கள் சிரித்துக் கொண்டாடுகிறார்கள். நாடகத்தை எழுதியவர்கள்தான் கொதிக்கிறார்கள். பிறகு அவன் ஒத்தெல்லோவாக நடிக்கிறான். அப்போது ஷேக்ஸ்பியரைப் பார்த்து முகம் சுளிப்பது மேல்மாடிக்காரன் இல்லை, பணக்காரப் பிரபுவும் அவருடைய கூட்டாளிகளும்தான்.

நானும் கொஞ்ச காலம் அந்தப் பிரபுவாகத்தான் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டே உலக சினிமா பார்க்கத் தொடங்கியிருந்தேன். வீட்டில் அம்மா சீரியல் பார்த்தால் நக்கல் அடிப்பேன். ஒரு விடுமுறையில் இந்தப் படத்தை அம்மாவும் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். ஆங்கில சப்டைட்டிலை நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். நத்தாலி தன் சின்ன மகனைக் கரான்ஸிடம் அனுப்பும் காட்சியிலேயே அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் கரான்ஸின் வண்டி போகிறது. பாப்டிஸ்ட் கத்திக்கொண்டே துரத்துகிறான். திருவிழாக் கூட்டம் அவனை விழுங்கிவிடுகிறது. எனக்குத் தொண்டை அடைத்தது.

அம்மா கேட்டார்: "அவன் பொண்டாட்டி கதி என்னா? சின்னப் பையன் வேற இருக்கானே?"

"படம் அதப் பத்தி இல்லம்மா" என்றேன்.

தப்பு. படம் அதைப் பற்றியும்தான். கதவருகே நின்று நத்தாலி அதே கேள்வியைத்தான் கேட்கிறாள்: அப்போ நான்? பாப்டிஸ்ட் பதில் சொல்வதில்லை. காதலின் பின்னால் ஓடுகிறான். பாப்டிஸ்ட்டின் காதல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு விலை கொடுப்பது அவன் மட்டும் இல்லை என்கிறேன். ப்ரெவேருக்கு இது தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வியைக் கடைசிக் காட்சி வரைக்கும் கொண்டுவந்து, ஒரு நல்ல நடிகையான மரியா கசாரெஸின் வாயில் வைத்தார்.

ஆனால் நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலும் பாப்டிஸ்ட்டின் தூய காதல்தான் நிரம்பி வழிகிறது. நத்தாலி அந்தக் காதலுக்கு ஒரு தடங்கல், அவ்வளவுதான். மூன்று மணி நேரப் படத்தை வசனம் வசனமாக அலசுகிறவர்கள் கேட்கத் தவறியதை, 'இதெல்லாம் உனக்குப் புரியாது' என்று நான் ஒதுக்கி வைத்திருந்தவர் முதல் தடவையிலேயே கேட்டுவிட்டார்.

எல்லாருக்குமான படம் இல்லை என்று இனி யாராவது சொன்னால், தயவுசெய்து சண்டைக்குப் போகாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒருவரைக் கூட உட்கார வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். படம் முடிந்ததும் அவர் என்ன கேட்கிறார் என்று காது கொடுக்கச் சொல்லுங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.